படம் பார்த்துச் சொன்ன கதை

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் விருத்தாசலம் ஜங்ஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் சிமெண்டு மூட்டை இறக்கும்போது பலகை வழுக்கி விழுந்தார். இடுப்பு போய்விட்டது. அதன்பிறகு படுக்கைதான். நான் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போனேன். பகல் முழுக்கக் குனிந்தே இருந்துவிட்டு வூடு வந்தால் கழுத்து நிமிராது. சோறு வடித்து, அவரைத் துடைத்துவிட்டு, அப்படியே சாய்ந்துவிடலாம் என்றிருக்கும்.

அவர் விடமாட்டார். "புக்கு கொண்டாந்தியா?"

கடைத்தெருவில் பழைய பேப்பர் எடுக்கும் பாய், சித்திரக்கதைப் புத்தகம் வந்தால் கிழிக்காமல் எனக்கு எடுத்து வைப்பார். ஓடுகிற ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்தும் முகமூடிக்காரன் கதைகள். என் வீட்டுக்காரருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. எட்டாவது வரை போன நான் படிப்பேன், அவர் படம் பார்ப்பார்.

"இங்க பாரு, மழைய வெறும் கோட்டுலயே போட்டுட்டான். மூஞ்சி பூரா இருட்டு, கண்ணு மட்டும் வெள்ள. பயந்து போயிருக்கான்."

அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. நான் மட்டுமென்றால் பார்க்காமலே புரட்டியிருப்பேன்.

ஒரு சாயங்காலம் பாதிக் கதையிலேயே கண் சொருகிவிட்டது. விழித்தபோது பக்கத்து வூட்டு அக்கா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் அவருக்குப் படத்தைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் முகமூடிக்காரன் திருடர்களை நொறுக்குகிறான். இவர் கதையில் அவனுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. வலியை யாரிடமும் சொல்லாமல் அடுத்த கூரைக்குத் தாவினான்.

"அப்படி எழுதலீங்களே" என்றேன்.

"நீ தூங்கு. அவன் மூஞ்சிய பாத்தாலே தெரியுது" என்றார். அக்கா, "அப்புறம் என்னாச்சுங்க?" என்றார்.

அன்றோடு நான் படிப்பது நின்றது. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கதை கேட்க வர ஆரம்பித்தார்கள். அவர் குரல் தெம்பாகிக்கொண்டே போனது. வந்தவர்கள் பிடித்துக்கொள்ள, கட்டிலைவிட்டு எழுந்து நிற்கவும் பழகினார். நான் சுவரோரம் சுருண்டுவிடுவேன். ஒரு கதையின் முடிவையும் கேட்டதில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள், கம்பை ஊன்றிக்கொண்டு, "பாய் கடைக்குப் போயிட்டு வரேன்" என்று அவரே கிளம்பினார். நனைந்து திரும்பியவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூட்டை தூக்க மறுபடி முடியவில்லை. அதன்பிறகு பாய் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்து, உட்கார்ந்தபடி பேப்பர் எடை போட்டார். நான் வர்ணம் பூசப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.