திருவாதிரை மங்கியதால் வந்த சங்கடங்கள்

நட்சத்திரம் பார்க்கிறேன் என்று சொன்னால் ஜாதகத்தை நீட்டுவார்கள். மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருக்கிற நட்சத்திரங்களை வகைபிரிக்கிறேன் என்று சொன்னால் வைத்தியரிடம் போகச் சொல்வார்கள். மொட்டை மாடியில் கழுத்து சுளுக்கிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

பகலில் நான் சித்தூர் மிஷன் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். இருட்டினால் மாடியில் தொலைநோக்கி. மாறுகிற நட்சத்திரத்தைப் பக்கத்திலுள்ள மாறாத இரண்டோடு ஒப்பிட்டு, எதைவிட மங்கல், எதைவிடப் பிரகாசம் என்று குறிக்க வேண்டும். பல மாதம் பார்த்தபின், தவணை தவறாமல் மங்குவது, திடீரென்று எரிந்து அணைவது, ஒழுங்கே இல்லாதது என்று பிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐயரின் சந்தேகம்

எங்கள் சபை ஐயர், அதாவது சர்ச் பாதிரியார், ஒருநாள் ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்தார். கிறிஸ்மஸ் பிரசங்கத்தில் கொஞ்சம் சயன்ஸ் சேர்க்க ஆசை.

"இயேசு பொறந்தப்போ சாஸ்திரிகளுக்கு வழி காட்டுச்சே, அந்த நட்சத்திரம் உன் கணக்குல எந்த வகை?"

நான் யோசித்து, திடீரென்று எரிந்து சில வாரத்தில் அணைந்துபோகிற வகையாக இருக்கலாம் என்றேன். ஐயர் முகம் தொங்கிப்போனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "காணிக்கை எடுக்கிற வரைக்கும் அது எரிஞ்சிக்கினே இருக்கட்டும்பா."

சிவப்பு விளக்கு

யுத்த காலம். விளக்குகளை மறைக்கச் சொல்லி ஊரில் உத்தரவு. கண் கூசாமலிருக்க நான் லாந்தருக்குச் சிவப்புத் துணி சுற்றியிருந்தேன். ஜப்பான்காரனுக்கு அடையாளம் காட்டுகிறேன் என்று யாரோ வத்தி வைக்க, சாயங்காலம் இருட்டினதும் கான்ஸ்டபிள் ஏறி வந்துவிட்டார்.

"ஏமய்யா, யாருக்கு சிக்னல் குட்துக்கினு கீற?"

வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும். தொலைநோக்கியில் அவரைப் பார்க்க வைத்து, இந்த நட்சத்திரம் வாராவாரம் மங்கிக்கினு வருது, அதைத்தான் குறிக்கிறேன் என்று கெஞ்சினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு லாந்தரை ஊதி அணைத்துவிட்டுச் சொன்னார்: "சர்க்கார் உத்தரவுக்கு நட்சத்திரமே வெளிச்சத்த கம்மி பண்ணிக்கினு கீது, உனக்கு இன்னா கேடு?"

ஒழுங்கில்லாத பொருத்தம்

திருப்பதியில் ரங்காச்சாரி என் சிநேகிதர்; திருமலைக் கோயிலில் கைங்கரியம். ஒருமுறை பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், "திருவாதிரை இப்போ மங்கிக்கினு வருது" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். பின்னால் நின்றவர் அவருடைய வருங்காலச் சம்பந்தியின் தம்பி என்று எனக்கெப்படித் தெரியும்? கல்யாணப்பெண்ணான ரங்காச்சாரியின் மகள் அலமேலுவின் நட்சத்திரம் திருவாதிரை.

அடுத்த வாரம் ரங்காச்சாரி வந்து நின்றார். "நிச்சயதார்த்தத்தை நிறுத்திட்டா ஓய்! என் பொண்ணை மங்க வெச்சுட்டீரே!" அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே திருப்பதிக்குப் போய், மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். மங்கினது மறுபடி பிரகாசமாகும் என்றேன்.

"எப்போ?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "சொல்ல முடியாது. அது ஒழுங்கில்லாத வகை" என்றேன். ரங்காச்சாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பதற்றத்தில், பிள்ளைக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டேன். கேட்டை என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. "அதுவும் ஒழுங்கில்லாத வகைதான்!" என்று கத்தியே விட்டேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த மாப்பிள்ளையின் அம்மா கரண்டியோடு முன்னே வந்தார். "இருபது வருஷமா நான் சொல்லிண்டிருக்கேன், இன்னிக்குத்தான் ஒரு படிச்சவர் ஒத்துண்டார், நாளைக்கே தட்டு மாத்துங்கோ!"

மாறும் நட்சத்திரங்களில் நான் இதுவரை உறுதியாக அறிந்தது, மேலே எது மங்கினாலும் கீழே விளக்கம் கேட்டு என்னிடம்தான் வருவார்கள் என்பதுதான்.