மூன்றாவது டிஸ்க்

1. மதியம் இரும்புக் கம்பியோடு ஒருவர் எங்கள் நூற்பாலையின் சர்வர் அறைக்குள் வந்தார்.
2. தடுத்த காவலாளியின் மணிக்கட்டை ஒரே அடியில் உடைத்தார்.
3. என்னிடம், "தள்ளி நில்லுங்க சாமி, சில்லு தெறிக்கும்" என்றார்.

ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு அடிக்கும் முன்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார், அடித்தபின் மாட்டிக்கொண்டார். முந்தின நாள் ஆலை வாசலில் ஒரு லாரி டிரைவரின் முகத்தை இதே கம்பியால் அவர் சிதைத்தது கேமராவில் பதிந்திருந்தது. அந்தப் பதிவு நான் அமைத்த வால்யூம் என்ற சேமிப்புத் தொகுப்பில், பன்னிரண்டு டிஸ்க்குகளில் பிரிந்து கிடந்தது. இரண்டு டிஸ்க் போனாலும் பதிவு பிழைக்கும். மூன்றாவதும் போனால் எல்லாம் போய்விடும்.

இரண்டை உருவித் தரையில் போட்டு நொறுக்கினார். மூன்றாவதில் கை வைத்துக்கொண்டு, "இது போதுமுங்களா, இன்னும் ஒடைக்கோணுங்களா?" என்று கேட்டார்.

"போதுமுங்க. இனி ஒண்ணும் எடுக்க முடியாது."

"உங்க கன்னத்துல ரத்தமுங்க" என்று கைக்குட்டையை நீட்டிவிட்டுப் போனார்.

இரண்டு புது டிஸ்க்குகள் போட்டாயிற்று. வால்யூம் முழுதாக இருக்கிறது. பதிவின் நகல் போலீசிடம் இருக்கிறது. டிரைவருக்கு ஒரு கண் போய்விட்டது. அடித்தவர் சிறையில் இருக்கிறார். என் பேச்சை அவர் ஏன் அப்படியே நம்பினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கைக்குட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன், கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.