நாற்பத்தொரு விநாடிகள்

கர்ட்டிஸ் நோவாட்னியின் அறையில் ஒரு ஃப்ரிட்ஜ் உண்டு. பதினாறு வருஷம் அதற்கு அடுத்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அவன் அதைத் திறக்கும்போதெல்லாம் நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். மேல்தட்டில் தோல் உரித்த முழுக்கோழிகள். நடுத்தட்டில் செலரிக் கீரைத் தண்டு, வெட்டிய தர்ப்பூசணி, டின்னில் அடைத்த நாய்த்தீனி. கீழ்த்தட்டில் அவனுடைய மத்தியானச் சாப்பாடு. கோழியின் தொடையை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத் திருகி மூட்டை ஒடிப்பான். கையை ஜீன்ஸில் துடைத்துவிட்டு அதே கையால் சாண்ட்விச்சை எடுத்துக் கடிப்பான். நாய்த்தீனி டின்னைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது வழுக்கிக்கொண்டு வெளியே வரும் அல்லவா? தியேட்டரில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட குடல் சரிகிற சத்தம் அதுதான்.

பேய்ப்படங்களுக்கு டிரெய்லர் செய்வது எங்கள் பிழைப்பு. சினிமாக் கம்பெனிகள் நிறைந்த பர்பாங்க் ஊரில், ஒரு டோனட் கடைக்கும் கார் கழுவும் இடத்துக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத கட்டிடம். படத்தை வெட்டி ஒட்டுவது ஹெய்டி என்கிற நான். சத்தம் கர்ட்டிஸ். எல்லா வயதினரும் பார்க்கிற டிரெய்லரில் ரத்தத்தைக் காட்டினால் தணிக்கைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காதில் விழுவதை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை. அதனால் கத்தி இறங்கும் சத்தத்தைக் கொடுத்துவிட்டுத் திரையை இருட்டாக்கிவிடுவோம். மீதியை ஜனங்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காமிரா ஒரு கதவை நோக்கி, மனுஷன் நடப்பதைவிட மெதுவாகப் போக வேண்டும். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் இன்னும் இரண்டு விநாடி விட வேண்டும். பிறகு எல்லாச் சத்தத்தையும் பிடுங்கிவிட வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அதை அவர்கள் விடப் போகும் நேரம் பார்த்து ஓங்கி ஒரு அடி. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து 'பே' என்று கத்துகிற சிறுபிள்ளைத்தனம்தான். அதைச் செய்து செய்து எனக்குத் தலை நரைத்துவிட்டது.

கர்ட்டிஸ் நெப்ராஸ்காவில் ஒரு கோழிப்பண்ணைக்காரரின் மகன். பார்த்தால் சாது. சத்தம் போட்டுப் பேச மாட்டான், பிறந்தநாள்களை மறக்க மாட்டான், அலுவலகத்தில் யார் வீடு மாற்றினாலும் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். அவனுடைய காதுதான் மனுஷக் காது இல்லை. எங்கள் கணக்கர் ஒருமுறை விருந்தில் எலும்பைக் கடித்தபோது பல் உடைந்துவிட்டது. எல்லாரும் தண்ணீரும் துணியுமாக ஓடினார்கள். இவன் மட்டும், "பாதி பல்லு இன்னும் உள்ள இருக்கா? அத ஆட்டிப் பாரேன், ஒரே ஒரு தடவ," என்று மைக்கோடு வந்து நின்றான். அன்று சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

தன் மனைவி மாரிசெலாவை அவன் சந்தித்ததும் அப்படித்தான். அவள் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள், பல் சுத்தம் செய்கிறவள். தன் பல்லைச் சுரண்டும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டானாம். "வாயில ரெண்டு கருவிய வெச்சுக்கிட்டு அனுமதி கேட்ட ஒரே ஆளு," என்று அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். குள்ளமானவள், வாய் ஓயாதவள், ஆஸ்துமாக்காரி. கைப்பையில் ஒரு இன்ஹேலர், வீட்டில் சமையலறை டிராயரில் ஒன்று, காரில் ஒன்று.

அவனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் அதன் பெயரையும் எண்ணையும் தன் வாயால் சொல்லி முடிப்பான். "எலும்பு, பதினொண்ணு." "ஈரத்துணி, நாலு." பிறகு தேடி எடுக்க வசதி. நான் எனக்கு வேண்டிய சத்தத்தை எடுத்துக்கொள்வேன். கடைசி வரை ஓடவிட்டுக் கேட்டதே இல்லை.

போன அக்டோபரில் எங்களுக்கு ஒரு நிலவறைப் படம் வந்தது. வீட்டுக்கு அடியில் ஒரு பெண்ணைப் பூட்டி வைத்திருக்கும் கதை. என் டிரெய்லரில் காமிரா படியிறங்கும், விளக்கு அணையும், பூட்டிய கதவு வரும். கதவுக்குப் பின்னால் அவள் மூச்சு வாங்க வேண்டும். அந்த நடிகை மூச்சு வாங்கியதைக் கேட்டால் மாடிப்படி ஏறி வந்தவள் மாதிரி இருந்தது. ஸ்டுடியோக்காரர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.

நான் கர்ட்டிஸின் அறைக்குப் போய், "நடிப்பு வேணாம்யா. நெஜமான மூச்சு வேணும். கேட்டா எனக்கே தொண்டை அடைக்கணும்," என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். அதை மறைக்கப் போவதில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தான். அந்த வாரம் மலையில் தீப்பிடித்து ஊரெல்லாம் புகை. நாங்களே இருமிக்கொண்டிருந்தோம். ஸ்பீக்கரில் போட்டதும் என் கை மேசையிலேயே நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் காற்று போக மாட்டேன் என்கிற இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே எதன்மேலோ டக், டக், டக் என்று மூன்று தட்டு. தூரத்தில் கேட்டது போகப் போகக் கிட்டத்தில் வந்தது, நம் காதுக்குள்ளேயே வந்துவிட்டது. காமிராவை நகர்த்தவே வேண்டியதில்லை. சத்தமே நடந்து வந்தது.

"யாரு பண்ணினது?" என்றேன்.

"வீட்டுல எடுத்தது," என்றான்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு அப்போதே ஓரளவு தெரியும். அதை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஏழு விநாடி எடுத்தேன். தூரத்து மூச்சில் கொஞ்சம், கிட்டத்து மூச்சில் கொஞ்சம், நடுவே அந்த மூன்று தட்டு. மூன்றாவது தட்டோடு எல்லாவற்றையும் நிறுத்தி, இரண்டு விநாடி நிசப்தம், பிறகு கதவு. ஸ்டுடியோவில் கை தட்டினார்களாம்.

டிரெய்லரில் எங்கள் பெயர் எதுவும் வராது. அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டிரெய்லர் தியேட்டருக்கு வந்த முதல் சனிக்கிழமை, மத்தியானக் காட்சிக்கு வீட்டாரை அழைத்துக்கொண்டு போவோம். கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் ஜனங்களின் தலையைப் பார்ப்போம். எத்தனை பேர் துள்ளினார்கள் என்று பார்த்துவிட்டு, படம் ஆரம்பிப்பதற்குள் எழுந்து வந்துவிடுவோம். எங்களுக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

வேறு எவனும் இந்த டிரெய்லருக்குத் தன் மனைவியைக் கூட்டி வந்திருக்க மாட்டான். கர்ட்டிஸ் மாரிசெலாவைக் கூட்டி வந்தான். பெருமையாக, கையில் பெரிய பாப்கார்ன் வாளியோடு.

திரையில் படி வந்தது. விளக்கு அணைந்தது. மூச்சு ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒரு பெண் புருஷனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கர்ட்டிஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மாரிசெலாவைப் பார்த்தேன். முதல் தட்டு கேட்டதும் அவள் தன் இடது கையைத் தூக்கி மோதிரத்தைப் பார்த்தாள். அடுத்த இரண்டு தட்டுக்கும் அதை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தபோது தியேட்டரே துள்ளியது, அவள் அசையவில்லை.

வெளியே டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள். "அது நம்ம கிச்சன் மேடைதானே? அது என் மோதிரம் தட்டுற சத்தம். என்னால பேச முடியல, இன்ஹேலர எடுன்னு தட்டினேன்."

"மாரி, நான் கெட்டில் கொதிக்கிறத ரெக்கார்ட் பண்ணிட்டிருந்தேன். அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. நான் ஓடிப்போய் டிராயரத் திறந்தேன்ல?"

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"உடனேம்மா. மூணு செகண்டு, நாலு செகண்டு இருக்கும். அத ஹெய்டிதான் வெட்டி ஒட்டி நீட்டியிருக்கா. அவ வேலையே அதுதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் காரைத் தேடுகிற மாதிரி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திங்கள்கிழமை காலையில், நான் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கர்ட்டிஸின் போன் வந்தது. அன்று அவன் வேலைக்கு வரவில்லை.

"அவ உன்கிட்ட வந்துட்டிருக்கா. நீதான் நீட்டினதா சொல்லிடு. ஒரு வார்த்த. உனக்கு என்ன போகுது?"

"நீ எவ்வளவு நேரம் உக்காந்திருந்த, கர்ட்டிஸ்?"

"கேட்டது நீதானே ஹெய்டி? நெஜமானது வேணும்னு கேட்டது நீ."

போனை வைத்துவிட்டேன். அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ஒரு குடும்பம் பிழைக்கும். கூடவே நானும் பிழைப்பேன், 'எல்லாம் எடிட்டிங்தான்' என்று. என் கை இருக்கிற இடத்தில் கர்ட்டிஸின் கோழிக்கை இருப்பது போல் தோன்றியது. போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மாரிசெலா வேலைக்குப் போகிற நீலச் சட்டையோடு வந்தாள். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு, ஹெய்டி. நீ நீட்டினியா?"

'ஆமா' என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. அவளுடைய கைப்பையின் வாய் திறந்திருந்தது, உள்ளே இன்ஹேலர் தெரிந்தது.

"நீட்டல," என்றேன். "குறைச்சேன்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"நாப்பத்தொரு செகண்டு."

கைப்பையை மேசைமேல் வைத்தாள். பிறகு, "போடு," என்றாள்.

"வேணாம் மாரிசெலா."

"ஊரே கேக்குது. நான் கேக்கக் கூடாதா? போடு."

போட்டேன். சுவரெல்லாம் ஸ்பீக்கர் இருக்கிற அறை அது. கெட்டில் சத்தம் எதுவும் இல்லை. முதல் விநாடியிலிருந்தே இழுப்புதான். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டு கேட்கும்போதெல்லாம் அவளுடைய தோள் லேசாகத் தூக்கிப்போட்டது. பத்தொன்பதாவது விநாடியில் கையை உயர்த்தினாள். நிறுத்தினேன்.

"இந்த இடத்துல சத்தம் கிட்ட வருதே. அது நீ பண்ணினதா?"

"இல்ல. வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"நான் மேடையப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்த விட்டு அசையல." நிதானமாகத்தான் சொன்னாள். "அப்போ அவருதான் எந்திரிச்சு வந்திருக்காரு. எனக்கு ஞாபகம் இருக்கு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, பக்கத்துல வந்து குனிஞ்சாரு. அப்பாடா, வந்துட்டாருன்னு நெனச்சேன் ஹெய்டி. கையில வெச்சிருந்தது மைக்கு."

நான் பாராட்டிய இடம் அது. சத்தமே நடந்து வருகிறது என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிய இடம். வாந்தி வந்தால் தேவைப்படும் என்று குப்பைக்கூடையைக் காலால் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"மிச்சத்தப் போடு," என்றாள்.

தட்டுகள் இடைவெளி விட்டு விழுந்தன. மூன்றாக இருந்தது இரண்டானது. பிறகு ஒன்று. நாற்பத்தொன்றில், நான் எப்போதும் நிறுத்துகிற இடத்தில், என் விரல் பட்டனுக்குப் போனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் கர்ட்டிஸின் குரல் வந்தது. அவசரம் எதுவும் இல்லாத, கோழியை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும்போது பேசுகிற அதே குரல்.

"மூச்சு, மூணு."

அதற்குப் பிறகுதான் டிராயர் திறக்கிற சத்தம்.

பதிவு முடிந்துவிட்டது. மாரிசெலா என் மணிக்கட்டை விடவில்லை.

"மூணுன்னா?" என்றாள்.

எனக்குத் தெரியும். இருந்தாலும் கணினியில் தேடுகிற மாதிரி பாவனை செய்தேன். "எங்கிட்ட இது ஒண்ணுதான் வந்துச்சு. மத்த ரெண்டும் அவன்கிட்ட இருக்கும்."

அவள் இடது கையை விரித்து விரலை மடக்க ஆரம்பித்தாள். "போன கிறிஸ்துமஸ் அன்னிக்கு காலைல ஒரு தடவ வந்துச்சு," என்றாள். "ஜூன்ல எங்க அம்மா வந்திருந்தப்போ ஒரு தடவ. ரெண்டு தடவையும் இன்ஹேலரத் தேடிட்டிருந்தேன்னுதான் சொன்னாரு."