ஏழாம் நம்பரில் பட்டை போயிடுச்சு

ஏரிக்கரை முகாமில் என் அக்காவுக்கு 'மர டாக்டர்' என்று பெயர். அவளும் அவள் கணவரான மாமாவும் சேர்ந்து தொடங்கிய முகாம் அது. நான்கு வருடமாக அவள் மட்டும் நடத்துகிறாள், நான் எடுபிடி. மொத்தம் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மரம், நடுவே தொங்கும் துணிப் படுக்கை. வருகிறவர்கள் அதை ஹேமக் என்பார்கள். நான் தடிமாடுகளுக்கான தொட்டில் என்பேன்.

அக்கா மரம் தேர்ந்தெடுக்கும் அழகைப் பார்த்தால், வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகள் தோற்றுப்போவார்கள். மரச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டிவிட்டுக் காதை வைப்பாள். மேலே காய்ந்த கிளை உண்டா என்று கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பாள். இரண்டு மரத்துக்கும் இடையே ஆறு எட்டு வைத்து அளப்பாள். கயிறு கட்ட விடமாட்டாள், அது மரத்தை அறுத்துவிடும். நைலானும் ஆகாது, பாரம் ஏறினால் இழுபட்டு, படுத்தவர் முதுகு தரையில் இடிக்கும். மூன்று விரல் அகலத்தில் பாலியெஸ்டர் நாடாதான், தலை உயரத்தில், முறுக்கு விழாமல். கட்டியதும் உட்கார்ந்து பார்ப்பாள். நாற்காலி உயரத்துக்கு வரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. பொறுமை எனக்குத்தான் போகும்.

அந்த நாடாவுக்குப் பட்டை என்றுதான் பெயர். அக்கா மட்டும் 'வார்' என்பாள். மரத்தின் பட்டையை 'தோல்' என்பாள்.

"மரத்துக்கு ஏதுக்கா தோலு? அதென்ன ஆட்டுக்குட்டியா?" என்று ஒருமுறை வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளாகவே சொன்னாள்.

மாமா செத்த அன்று காலை அவள்தான் போன் செய்திருக்கிறாள். "ஏழாம் நம்பர்ல பட்டை போயிடுச்சுங்க, மாத்திடுங்க." மரத்தின் பட்டை உரிந்துவிட்டது, மரம் உயிரோடு இல்லை, வேறு மரத்துக்கு மாற்றுங்கள் என்று அர்த்தம். மாமாவோ, கட்டும் பட்டை நைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். புதுப் பட்டை ஒன்றைப் பிரித்து அதே மரத்தில் கட்டினார். யாரையும் படுக்க விடுவதற்கு முன் தானே படுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். மரம் அடியோடு முறிந்து அவர் மேல் விழுந்தது. பட்டையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"மரம்னு ஒரு வார்த்தை சேத்து சொல்லியிருக்கலாம்டா. நான் என்ன சொன்னேன்னே தெரியாம போயிட்டாரே," என்றாள்.

போன மாதம் ஒரு நாள், நல்ல வெயில் நேரம். ஒரு தம்பதி சிறு மகளோடு வந்து இறங்கினார்கள். அலுவலக அறையில் அக்கா அவர்களிடம் படிவம் நிரப்பி வாங்கிக்கொண்டிருக்க, மூன்றாம் நம்பரில் நான் பட்டை கட்டினேன். இரண்டு மரத்தையும் சுற்றி வந்து தட்டிப் பார்த்தேன். கணீரென்றுதான் கேட்டது. தள்ளுவண்டியிலிருந்து துணியை எடுத்துவரப் போனேன். அது பத்தடி தூரம்தான்.

திரும்பினால் ஒரு மரத்தில் பட்டையைக் காணோம். வேர் மேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"எவன்டா அது, விளையாட இடமில்லையா?" என்று கத்தினேன். யாரும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கட்டினேன். கொக்கியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். மறுபடி வேர் மேல் சுருள். தரை நெடுகக் காய்ந்த சருகு. பூனை நடந்தாலும் கேட்டிருக்கும்.

அப்போதுதான் அந்தச் சுருளைச் சரியாகப் பார்த்தேன். எட்டுப் போல மடித்து, முனையை இடப்பக்கம் சுற்றிச் செருகியிருந்தது. மாமாவுக்கு இடதுகைப் பழக்கம். அவர் சுருட்டியதை அவிழ்க்க முடியாமல் நான் எத்தனையோ முறை அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். பயந்தேன் என்று சொல்ல வெட்கமில்லை.

"அக்கா!" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஓடி வந்தவள் சுருளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "நீயா சுத்தின?"

"சத்தியமா இல்லக்கா."

அவள் உட்கார்ந்து, ஒரு முறைகூடத் தடுமாறாமல் அதைப் பிரித்தாள். உள்ளே உள்ளங்கை அளவு மரப்பட்டை ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தின் பின்பக்கம் போனாள். நானும் போனேன். தலை உயரத்தில் அதே அளவுக்கு மரம் வெறுமையாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் பார்த்துவிட்டுத் தட்டாமல் விட்ட இடம் அது. அப்போது அங்கே பட்டை இருந்தது. அக்கா துண்டை அதில் வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் முழுசாக உள்ளே போய்விட்டது. கறுப்புத் தூளாகக் கொட்டியது.

அவள் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள், சமையலறையிலிருந்து கூப்பிடுவது போல. "இந்தப் பட்டைங்க. இதத்தான் சொன்னேன். இப்பவாவது புரிஞ்சுதா?"

இலைகூட அசையவில்லை. எதிர்மரத்தில் நான் கட்டியிருந்த பட்டையின் முனை மட்டும் இரண்டு முறை ஆடி நின்றது.

அக்கா வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்துக்கு வேறு மரம் பார்க்கச் சுத்தியலை எடுத்தாள். நான் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"என்னடா முழிக்கிற? ரெண்டு பட்டையையும் பத்திரமா எடுத்துட்டு வா," என்றாள்.

வாரையும் தோலையும் பட்டை என்றே அவள் என்னிடம் சொல்லி நான்கு வருடம் ஆகியிருந்தது.