கட்டைவிரல் சாட்சி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் மேஸ்திரியாக இருந்த ரத்தினசாமி, தன் மானம் போன கதையைத் தானே சொல்லிச் சிரிப்பார். பொய்யைக் கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மனிதர் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த காலம் அது.

"பொய் சொல்றவன் மூஞ்சியப் பாக்காத, காலப் பாரு. கட்டைவிரல் தரையக் கிளறும்" என்பார். அவரிடம் இருந்த சரக்கே அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு காப்பி கிளப்பில் நாள் முழுக்க அளப்பார்.

ஒரு சித்திரையில் பதனிட்ட ஆட்டுத்தோல்களை முற்றத்தில் காயப்போட்டிருந்தார்கள். வெயில் ஏறுமுன் நிழலுக்கு மாற்றும்படி, முற்றத்தில் கூலிவேலை செய்த சவுரியம்மாளிடம் சொல்லவேண்டியது மேஸ்திரியின் வேலை. மேஸ்திரியோ கிளப்பில் கட்டைவிரல் புராணம் பாடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தால் தோலெல்லாம் அப்பளமாக முறுகிக் கிடக்கிறது.

முதலாளி அப்துல் சமத் சாயபு வந்து நின்றார். "இன்னா மேஸ்திரி இது?"

"நான் காலைலயே சொல்ட்டேன் சாயபு. சவுரியம்மாதான் காதுல வாங்கல." நாக்கு தானாகப் புரண்டுவிட்டது.

சவுரியம்மாள் புருஷனை இழந்தவள். அந்தக் கூலி போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. "எங்கிட்ட யாரும் சொல்லல சாயபு" என்றாள், குரலை உயர்த்தாமல்.

"ரெண்டு பேர்ல யாரோ பொய் சொல்றீங்க. அவங்களுக்கு இனிமே இந்த வேலை இல்ல. நீதான் பொய் புடிக்கிற ஆளாச்சே மேஸ்திரி, புடி."

பச்சரிசியை மெல்லக் கொடுத்தால் பொய்யருக்கு வாய் காய்ந்துபோகும், அரிசி மாவாகவே வெளியே வரும் என்பது ஊரறிந்த சோதனை. கையில் அரிசி இல்லை. பக்கத்தில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை மலையாகக் குவிந்திருந்தது. மேஸ்திரி இரண்டு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

சவுரியம்மாள் மென்று துப்பினாள். பொடிதான் வந்தது. "பாத்தீங்களா சாயபு?" என்றார் மேஸ்திரி.

"நீங்களும் மெல்லுங்க மேஸ்திரி" என்றாள் அவள்.

மென்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாயபுவும் சந்தேகப்பட்டு ஒரு துண்டை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். "எனக்கும் காயுது. நான் இன்னா பொய் சொன்னேன்?"

ஷாப்பே சிரித்தது. தோலையே சுருக்குகிற பட்டை நாக்கைச் சும்மா விடுமா? வருஷக்கணக்காக அதிலேயே புழங்கியவருக்கு அந்தப் புத்தி அப்போது வரவில்லை, பாவம். ஆனாலும் உள்ளூர நிம்மதிதான். பட்டை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லையே.

சவுரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயபுவும் பார்த்தார். ரத்தினசாமியும் குனிந்து பார்த்தார். பட்டைத் தூளில் அவருடைய கட்டைவிரல் ஒரு குழியே தோண்டியிருந்தது.

"சொல்லல சாயபு" என்றார். "மறந்துட்டேன்." வெட்கத்தில் காது எரிந்தது.

சாயபு அவரை ஒரேயடியாக விரட்டவில்லை. மேஸ்திரி வேலையைப் பிடுங்கி, முற்றத்தில் சவுரியம்மாளின் சொல்படி தோல் காயவைக்க விட்டார். மறுவாரமே ரத்தினசாமி, விரல் வெளியே தெரியாத பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாத்துக்கு பூட்ஸு?" என்றாள் சவுரியம்மாள்.

"கல்லு குத்துது."

அவள் பூட்ஸையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "உள்ள இடம் தாராளமா இருக்குதா, கிளர்றதுக்கு?"