ஹார்வா கத்தியைக் கீழே வைத்தான்

தீப்ஸ் நகரத்து ஆற்றின் மேற்குக் கரையில், பிணம் பதப்படுத்தும் எங்கள் கூடாரத்தில் ஹார்வாவுக்கு ஒரே வேலை. பிணத்தின் இடப்பக்க விலாவுக்குக் கீழே நான் மையால் கோடு போடுவேன். அவன் அதன்மேல் கத்தியால் கீறுவான். கீறியதும் தலைதெறிக்க ஓடுவான். செத்த உடம்பைக் காயப்படுத்தியவனைச் சும்மா விடலாமா? சொந்தக்காரர்களோடு சேர்ந்து நாங்களும் கல்லால் அடிப்போம். இருபது வருஷமாக அவன் பிழைப்பு இதுதான். மறுநாள் காலை முதுகைத் தடவிக்கொண்டே வந்து, "என்னடா, நேத்து ரொட்டி ரெண்டு சேத்துத் தின்னியா? உன் கல்லுதான் ரொம்ப வலிச்சுது" என்று என்னைச் சீண்டுவான்.

தானியக் கிடங்கு அதிகாரி நெஸ்மின் ஆற்றில் பிணமாக மிதந்தபோது, கரையில் துணி வெளுத்துக்கொண்டிருந்த ஹார்வாவின் தம்பி பாமியைப் பிடித்துப் போனார்கள். உள்ளங்காலில் விழுந்த அடி தாங்காமல், தான்தான் தள்ளிவிட்டதாகப் பாமி ஒத்துக்கொண்டான். உண்மையில் கொன்றவன் தன் வாயால் ஒத்துக்கொண்டாலொழிய மறுநாள் பாமிக்குக் கழுமரம்.

நெஸ்மின் உடம்பு எங்களிடம் வந்தது. நான் கோடு போட்டேன். ஹார்வா பிணத்தின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"கீற மாட்டேன். தொண்டை பூரா பார்லி உமி. ஆத்துல செத்தவன் வாயில உமி எங்கேருந்து வரும்? கெடங்குல வச்சு மூச்ச அமுக்கியிருக்காங்க. இவரோட கெடங்குக்குள்ள போறது யாரு? சொல்லுங்கய்யா!"

அங்கே போக உரிமை உள்ளவன், பிணத்தோடு வந்து நின்ற நெஸ்மினின் தங்கை மகன் அன்க்ஹோர் ஒருவன்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"வாய மூட்றா, கல்லடி நாயே! வெயில்ல மாமா நாறுறாரு. கீறு!"

ஹார்வா அவன் காலில் விழுந்தான். "உள்ளதச் சொல்லிடு சாமி. என் தம்பி உயிரு நாளைக்கு வரைக்குந்தான்."

அன்க்ஹோர் அவனை உதறித் தள்ளினான். மாமனைச் சீக்கிரம் பதப்படுத்தும் உப்புக்குள் புதைத்து உமியை மறைத்துவிடத் துடித்தான் பாவி. கத்தியை எடுத்து என் கோட்டின்மேல் தானே கீறிவிட்டான்.

மடையன்! எங்கள் எல்லார் கையிலும் கல் இருந்ததே. முதல் கல்லை எறிந்தது நான். யோசிக்கவே இல்லை, பழகிப்போன கை. அப்புறம் நாலு பக்கமிருந்தும் விழுந்தது. ஹார்வாவாக இருந்தால் தலையை மூடிக்கொண்டு வளைந்து வளைந்து ஓடியிருப்பான். அன்க்ஹோருக்கு ஓடத் தெரியவில்லை.

"எறியாதீங்கடா! ஐயோ, அவன் சாகக் கூடாதுடா!" ஹார்வா பாய்ந்து அவன்மேல் கவிழ்ந்துகொண்டான். அதற்குள் அன்க்ஹோரின் மண்டை பிளந்துவிட்டது.

தலையை மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சினான். "ஒரே ஒரு வார்த்தை ராசா. நான்தான்னு சொல்லிட்டுப் போயிடு."

அன்க்ஹோர் வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது.

மறுநாள் பாமியைக் கழுவேற்றினார்கள். அன்க்ஹோர் உடம்பும் எங்கள் கூடாரத்துக்குத்தான் வந்தது. நான் கோடு போட்டேன். ஹார்வா கீறினான். ஓடவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றான்.

"எறிடா," என்றான். "இந்தத் தடவ மண்டையப் பாத்து எறி."