மோடத்தில் விளக்கு வரும்வரை

வீட்டுக்கு நெட் வேண்டும் என்று கேட்டது நான்தான். கைக்குழந்தையோடு வெளியே வேலைக்குப் போக முடியாது. ஆன்லைனில் கணக்கு ட்யூஷனாவது எடுக்கலாம் என்று நினைத்தேன். பழைய லேண்ட்லைன் போனை எடுத்துவிடலாமா என்று நெட் மாட்ட வந்த லைன்காரர் கேட்டபோது மட்டும் அத்தையும் நானும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

என் கணவர் பட்டாசு கம்பெனியில் போர்மேன். செல்போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் ஆபீஸ் போனிலிருந்து வீட்டுக்கு ஒரு ரிங் கொடுத்து வைத்துவிடுவார். நாங்கள் எடுக்க மாட்டோம். அவருக்குப் பின்னால் நிற்பவர்களும் அவரவர் வீட்டுக்கு அடிக்க வேண்டும். ஒரு ரிங் என்றால் ஆள் நன்றாக இருக்கிறார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்த நம்பர் ஒன்றுதான்.

லைன்காரர் மோடத்தை மாட்டி, போன் ஒயரை அதில் செருகினார்.

"அக்கா, இனிமே போனும் இந்தப் பெட்டி வழியாத்தான் வரும். கரண்டு இல்லேன்னா போனும் இல்ல. ஞாபகம் வச்சுக்கோங்க."

"அது பாட்டுக்குத் தனியாக் கெடந்துச்சு. இப்ப அதுக்கும் ஒரு தொணை வேணுமாக்கும்" என்றார் அத்தை.

நான் தலையாட்டினேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் வானம் கறுத்து இடித்தது. இடித்தால் எங்கள் வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். டி.வி., ஃபிரிட்ஜ், மோடம். புதுசு, கெட்டுப்போனால் என்னைத்தான் சொல்வார்கள். கம்பெனியிலும் இடிக்கு வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்புவார்கள். போர்மேன்தான் கடைசியாக ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வருவார்.

அடுத்து வந்த சத்தம் இடி இல்லை. மின்னல் வெட்டவில்லை. அது தரை வழியாக வந்து ஜன்னலை ஆட்டியது.

நாங்கள் போனைப் பார்த்து உட்கார்ந்தோம். ரிங் வரவில்லை.

"என்னத்தா, இன்னும் அடிக்கல?"

"அடிக்கும் அத்தை. ஆளுக நிப்பாக."

என் செல்லிலிருந்து கம்பெனிக்கு அடித்தேன். ஒவ்வொரு முறையும் பிஸி. ரிசீவரைத் தூக்கிப் பார்க்கலாமா என்று தோன்றியது. தூக்குகிற நேரத்தில் அவர் அடித்தால்? தூக்கவில்லை. குழந்தைக்குக் கூழை முழுவதும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன். காய்ந்த துணிகளை மடித்தேன். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் குழந்தையை யாரிடம் விடுவது என்று யோசித்தேன். அழுகை வரவில்லை. வர வேண்டுமே என்றுகூட நினைத்தேன்.

குழந்தை தவழ்ந்து போய், தரையில் கிடந்த ஒரு பிளக்கை வாயில் வைத்தாள். பிடுங்கி வாங்கிய பிறகுதான் அது மோடத்துடையது என்று தெரிந்தது. ஈரத்தைத் துடைத்து மாட்டினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் வந்தன. கடைசி விளக்கு வந்ததும் போன் அடித்தது.

ஒரு ரிங். நிற்கவில்லை. இரண்டாவது ரிங்குக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசி வைத்ததில்லை. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் எடுத்தேன்.

"எம்புட்டு தடவ அடிக்கிறது? லைனே போகல!" அவர்தான்.

"இடிக்குப் பிளக்கைப் புடுங்கிட்டேன்."

"நல்ல கணக்கு டீச்சர் போ. இங்கன ஒண்ணுமில்ல. வெம்பக்கோட்டைப் பக்கம்."

"சாப்பிட்டீகளா?" அதுதான் வாயில் வந்தது.

"வைக்கிறேன். ஆளுக நிக்கிறாக."

அத்தையிடம் சொன்னேன். "வெம்பக்கோட்டைப் பக்கமா" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யார், எத்தனை பேர் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் என் செல் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, ஆபீஸ் போனுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வண்டி தெருவைத் தாண்டிய பிறகு, சமையலறையில் என் செல்லுக்கு சிக்னல் கிடைக்காதே என்று தோன்றியது.